சிங்கப்பூரிலிருந்து தியோமான் தீவுக்கு: முதுகுப்பையோடு புறப்படும் இருவருக்கான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், விமானச் செலவின்றித் தரைவழியும் கடல்வழியுமாகப் போய்வரக்கூடிய அழகிய தீவு எது என்று கேட்டால், தயக்கமின்றித் தியோமான் என்றுதான் நான் சொல்வேன். மலேசியாவின் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இத்தீவுக்கு ஜோகூரின் மெர்சிங் நகரிலிருந்து ஃபெரி செல்கிறது. நானும் என் கணவரும் முதன்முறை சென்றபோது கண்ணெதிரே ஃபெரியைத் தவறவிட்டோம். ஓர் இரவுக்கான அறைப் பணத்தை இழந்தோம். மறுநாள் தீவை அடைந்தும் தவறான துறையில் இறங்கினோம். அடுத்த ஆண்டு அதே வழியில் மீண்டும் சென்றபோது ஒரு சிக்கலும் ஏற்படவில்லை. இரு பயணங்களுக்கும் இடையே நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலிருந்து எப்போது கிளம்பலாம் என்பதில் தொடங்காமல், ஃபெரி எப்போது புறப்படுகிறது என்பதில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட்டோம். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்நாட்டுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மலேசியாவின் கிழக்குக் கரையையும் தாக்குகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி முடியும் வரை அங்கே கடல் கொந்தளிப்பாக இருக்கும். ஃபெரிச் சேவைகள் வெகுவாகக் குறைந்துவிடும், சில நாள்களில் முற்றாக நின்றும் போகும். தங்குமிடங்கள் பலவும் அந்த மாதங்களில் மூடப்படுகின்றன. ஆகவே, தீபாவளி விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போய்வரலாம் என்றோ, டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாம் என்றோ எண்ணாதீர்கள். அந்த மாதங்களில் அறை வாடகை மலிவாக இருப்பதைக் கண்டு முன்பதிவு செய்துவிட்டு, ஃபெரி ஓடாததால் பணத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செல்வது நல்லது. அவற்றிலும் சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறையையும், விசாக தினம், ஹரி ராயா போன்ற நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்நாள்களில் சிங்கப்பூரையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தில் ஆகும் தாமதம் மற்ற எல்லாக் கணக்குகளையும் குலைத்துவிடும். எங்கள் முதல் பயணம் அத்தகைய ஒரு வார இறுதியில்தான் தடம் புரண்டது. இரண்டாம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை திரும்பினோம்.

2. ஃபெரி நேரத்தைப் பார்க்காமல் விடுப்புக் கேட்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மெர்சிங் படகுத்துறை திறந்த கடலில் இல்லை. ஆற்றின் முகத்துவாரத்துக்கு உள்ளே இருக்கிறது. அங்கு நீர் ஆழமற்றது. கடல் வற்றும் நேரத்தில் ஃபெரியால் வெளியே வரவும் முடியாது, உள்ளே நுழையவும் முடியாது. எனவே ஃபெரி நேரம் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுகிறது. இன்று காலையில் புறப்படும் ஃபெரி அடுத்த வாரம் அதே கிழமையில் பிற்பகலில் புறப்படக்கூடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு மிகும் என்பதால், வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொள்வதும் பயன் தரும்.

நாங்கள் முதல் பயணத்தில் ஒரு நண்பர் சொன்ன நேரத்தை நம்பிப் போனோம். அவர் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் அது அவர் பயணம் செய்த நாளுக்குரிய நேரம். நாங்கள் சென்ற நாளில் கடைசி ஃபெரி முற்பகலிலேயே புறப்பட்டுவிட்டது. ஃபெரி நிறுவனங்கள் மாதந்தோறும் தேதிவாரியாகக் கால அட்டவணையை வெளியிடுகின்றன. அதில் உங்கள் தேதிக்கு நேராக உள்ள வரியை மட்டும் பாருங்கள். போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். பகலில் வசதியான நேரத்தில் ஃபெரி இருக்கும் இரு நாள்களைக் கண்டுபிடித்த பிறகு அந்த நாள்களுக்கு விடுப்புக் கேளுங்கள்.

சீட்டு வாங்கும்போது புறப்படும் துறையின் பெயரையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தியோமானுக்கு மெர்சிங்கிலிருந்தும், அதற்கு வடக்கே பகாங்கில் உள்ள தஞ்சோங் கெமோக்கிலிருந்தும் ஃபெரிகள் உண்டு. ஒரு துறைக்குரிய சீட்டை வைத்துக்கொண்டு மற்றத் துறையில் ஏற முடியாது. ஜோகூர் பாருவிலிருந்து வருவோருக்கு மெர்சிங்தான் அருகில்.

3. ஆவணங்கள்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 2026 டிசம்பர் 31 வரை மலேசியாவுக்கு விசா இன்றிச் சென்று 30 நாள் வரை தங்கலாம். இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்போர் முன்கூட்டியே விசா பெற வேண்டும். நம் நண்பர்கள் குழுவில் இருவகையினரும் இருப்பது வழக்கம் என்பதால், “எனக்குத் தேவைப்படவில்லை, உனக்கும் தேவைப்படாது” என்ற வாய்வார்த்தையை நம்பிப் புறப்பட வேண்டாம்.

அடுத்தது, மலேசியாவுக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்ப வேண்டிய மலேசிய மின்னியல் வருகை அட்டை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை. ஆனால், சிங்கப்பூர் நிரந்தரவாசியாக இருந்தாலும், எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வேலை அனுமதி, டிபெண்டன்ட் பாஸ் ஆகியவற்றில் இருந்தாலும், நீங்கள் இந்தியக் கடப்பிதழில் பயணம் செய்பவரானால் இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் சிங்கப்பூரர் எதையும் நிரப்பாமல் வாரந்தோறும் ஜோகூர் பாரு போய்வருவதைப் பார்த்து, அதுவே தமக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒருவர் ஒரு முறை நிரப்பினால் அது அந்த ஒரு நுழைவுக்கு மட்டுமே செல்லும். கணவன் மனைவியாக இருந்தாலும் ஆளுக்கொன்று நிரப்ப வேண்டும்.

மலேசியாவுக்குள் நுழையும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. கைப்பேசியில் தேடினால் பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் ஜிஓவி.எம்ஒய் (gov.my) என்ற முடிவைக் கொண்டது. அதில்லாத எந்தத் தளத்திலும் உங்கள் கடப்பிதழ் எண்ணைக் கொடுக்காதீர்கள். பயண முறை என்ற இடத்தில் தரைவழி என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தீவுக்குப் படகில் சென்றாலும் மலேசியாவுக்குள் நுழைவது கடற்பாலம் வழியாகத்தான். தங்கும் மாநிலமாக ஜோகூரைக் குறிப்பிடாமல் பகாங்கைக் குறிப்பிட வேண்டும். அனுப்பிய பின் மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தலைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கடற்பாலத்தில் கூட்டம் நெருக்கும்போது இணைய இணைப்பை நம்பியிருக்க முடியாது.

பெயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழர்களான நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். வேறு சிலருக்குத் தலைப்பெழுத்து விரிந்து ஊர்ப் பெயராக நிற்கும். அன்றாடம் நாம் பயன்படுத்தும் பெயரைப் பேருந்துச் சீட்டிலும், வங்கி அட்டையில் உள்ள பெயரை ஃபெரிச் சீட்டிலும், வேறொரு வடிவத்தை வருகை அட்டையிலும் எழுதினால் ஒவ்வொரு முகப்பிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கும். கடப்பிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி அச்சாகியுள்ளதோ அப்படியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். என் கணவரின் வருகை அட்டையில் தந்தை பெயர் விடுபட்டிருந்ததால், முதல் பயணத்தில் அவரைத் தனியே அழைத்துச் சென்று மீண்டும் நிரப்பச் செய்தார்கள். அதில் போனது நாற்பது நிமிடம். ஃபெரியைத் தவறவிட அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூருக்குத் திரும்ப உங்கள் அனுமதி அட்டை அல்லது சிங்பாஸ் செயலியில் உள்ள மின்னியல் அட்டை நடப்பில் இருக்க வேண்டும். இன்னும் கொள்கையளவிலான அனுமதிக் கடிதத்தில் இருப்பவர்களும், புதுப்பித்தல் முடியாமல் காத்திருப்பவர்களும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைக் கேட்காமல் எல்லையைக் கடக்காதீர்கள். தரைவழியாகத் திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி பெற்றோர் ஆகியோர் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்பத் தேவையில்லை. விமானத்திலோ கப்பலிலோ திரும்பினால் அவர்களும் நிரப்ப வேண்டும். எனவே திரும்பும் வழியைக் கடைசி நேரத்தில் மாற்றினால் இதை நினைவில் வையுங்கள்.

தங்குமிட முன்பதிவு, திரும்பும் ஃபெரிச் சீட்டு ஆகியவற்றின் அச்சுப் படியையும் எடுத்துச் செல்லுங்கள். மலேசிய அதிகாரிகள் அவற்றைக் கேட்க உரிமை உண்டு.

4. தீவில் எந்த ஊரில் தங்குவது

தியோமானில் ஃபெரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து வடக்காக கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்ற வரிசையில் துறை துறையாக நின்று செல்கிறது. ஊர்களில் சிலவற்றுக்கிடையே வண்டி செல்லும் சாலை கிடையாது. தவறான துறையில் இறங்கினால் கூடுதல் பணம் கொடுத்துப் படகு பிடிக்க வேண்டும், அல்லது பையைச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். எனவே தங்குமிடத்தை முன்பதிவு செய்தவுடன் அது எந்தத் துறைக்கு அருகில் உள்ளது என்பதைக் கேட்டு, ஃபெரிச் சீட்டில் அந்தப் பெயரையே குறிப்பிடச் சொல்லுங்கள்.

குறைந்த செலவில் செல்லும் இருவருக்கு ஆயர் பாத்தாங்கை நான் பரிந்துரைப்பேன். ஏபிசி என்றே பலரும் அதைச் சொல்கிறார்கள். கடலோரமாகச் செல்லும் ஒரு குறுகிய நடைபாதையை ஒட்டி எளிய மரக்குடில்கள் வரிசையாக உள்ளன. கார் வர வழியில்லை. தெக்கெக்குக்குப் பாறை முனையைத் தாண்டும் படிகள் வழியாக நடந்தே போய்விடலாம். தெக்கெக்தான் தீவின் தலைமை ஊர். மருத்துவ நிலையம், பணம் எடுக்கும் இயந்திரம், கடைகள் எல்லாம் அங்கே உள்ளன. கடலடியில் முக்குளிக்கக் கற்க விரும்புவோர் சாலாங்கில் தங்கலாம். கிழக்குக் கரையில் உள்ள ஜுவாரா மிக அமைதியான ஊர், ஆனால் ஃபெரி அங்கே செல்வதில்லை. தெக்கெக்கில் இறங்கி, மலையைக் கடக்கும் செங்குத்தான சாலையில் ஜீப்பில் செல்ல வேண்டும். அந்த வாடகையை இருவர் மட்டும் ஏற்றால் கையைக் கடிக்கும். ஃபெரியில் உடன் வருவோரில் ஜுவாரா செல்பவர்களைக் கேட்டுச் சேர்ந்துகொள்வது நல்லது.

5. பணம்

தீவின் சிறு தங்குமிடங்களும் உணவுக் கடைகளும் பெரும்பாலும் ரொக்கத்தையே கேட்கின்றன. தெக்கெக்கில் உள்ள இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள். பழுதாகியிருந்தாலோ பணம் தீர்ந்திருந்தாலோ வேறு வழி இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்திலோ முஸ்தஃபா கடைத்தொகுதி அருகிலோ உள்ள நாணய மாற்றுக் கடைகளில் சிங்கப்பூரிலேயே ரிங்கிட் வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய தாள்களாகக் கேட்டு வாங்குவது பயன்படும்.

எங்கள் இரண்டாம் பயணத்தின் கணக்கைத் தருகிறேன். மூன்று இரவு, நான்கு பகல், இருவர். ஃபெரிக்குப் போக வர இருவருக்குமாக ஏறக்குறைய 240 ரிங்கிட் ஆனது. கடல் பூங்காக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 30 வீதம் 60. ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்துக்கும் மெர்சிங்குக்கும் இடையிலான பேருந்துக்குப் போக வர 80. மின்விசிறி மட்டும் உள்ள குடிலுக்கு மூன்று இரவுக்கு 390. தீவுகளைச் சுற்றிய படகுக்கு 240. சாப்பாட்டுக்கு 300. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்கு எடுத்தது, தண்ணீர், தேநீர் என மற்றவை 90. மொத்தம் 1,400 ரிங்கிட், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 430 சிங்கப்பூர் வெள்ளி. கட்டணங்கள் மாறக்கூடியவை, வார இறுதியில் அறை வாடகை இதைவிடக் கூடும். இவற்றுக்கு மேல் 300 ரிங்கிட்டைத் தனியே ஓர் உறையில் வைத்திருங்கள். காற்று வலுத்து ஃபெரி நின்றால் ஓர் இரவு கூடுதலாகத் தங்க அது உதவும்.

6. கடற்பாலத்தைக் கடத்தல்

ஃபெரி புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். படகுத்துறையில் ஒன்றரை மணி நேரம், லார்க்கினிலிருந்து மெர்சிங்குக்கு மூன்று மணி நேரம், லார்க்கினில் அரை மணி நேரம், இரு குடிநுழைவுச் சாவடிகளுக்கும் வார நாளில் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். பிற்பகல் ஒரு மணிக்கு ஃபெரி என்றால் காலை ஆறு மணிக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எதிர்த்திசையில், சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவோரின் கூட்டம்தான் அதிகம். ஜோகூர் பாருவை நோக்கிச் செல்லும் பக்கம் பெரும்பாலும் சீராக நகரும். காலை ஒன்பது மணிக்கோ அதற்கு முன்போ ஃபெரி இருந்தால், முந்தைய மாலையே சென்று மெர்சிங்கில் ஓர் இரவு தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் கடற்பாலத்தைக் கடக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஜோகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை என்பதால் வெள்ளி மாலையில் இரு பக்க மக்களும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள்.

குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து 170 எண் பேருந்து, உட்லண்ட்ஸ் வழியாக லார்க்கின் நிலையம் வரை செல்கிறது. ஈசிலிங்க் அட்டையைத் தட்டி ஏறலாம். இரண்டு சாவடிகளிலும் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பையை முழுவதுமாக எடுத்துக்கொண்டு இறங்குங்கள், ஏனெனில் நீங்கள் வந்த அதே பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டும். மஞ்சள் நிறப் பேருந்துகளில் வருவோர் சீட்டைத் தொலைத்துவிட்டால் மீண்டும் பணம் கட்ட நேரிடும். மலேசியச் சாவடியைக் கடந்தபின் களைப்பில் அங்கேயே உணவுக்கு அமர்ந்துவிடாதீர்கள். லார்க்கின் போய்ச் சேர்ந்து, சீட்டைக் கையில் வாங்கிய பிறகு சாப்பிடலாம்.

உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு ஐந்தே நிமிடத்தில் செல்லும் ரயிலும் உண்டு. அதில் செல்வோருக்கு இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுகிறது. சீட்டு கிடைத்தால் அதுவே சிறந்தது, ஆனால் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும்.

7. லார்க்கினிலிருந்து மெர்சிங்

லார்க்கினில் சீட்டு வாங்கித் தருவதாக அருகில் வந்து பேசுவோரைத் தவிர்த்து, முகப்பிலோ முன்கூட்டியே இணையத்திலோ நேரடியாக வாங்குங்கள். பயணம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கோத்தா திங்கியைத் தாண்டியபின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் நெடுக வரும். பேருந்தின் குளிரூட்டி கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு சால்வையை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெர்சிங் பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறை, பையோடு நடக்கக்கூடிய தொலைவுதான். வழியில் மாமாக் கடைகள் உள்ளன. சைவ உணவு உண்போர் வயிறார ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் தீவில் சைவத்துக்குச் சற்றுப் பாடுபட வேண்டும். அங்கே காய்கறிச் சோறு என்று கேட்டாலும் பெலாச்சான் என்னும் இறால் விழுதோ நெத்திலியோ கலந்திருக்கும். “தா மாவு இக்கான், தா மாவு ஆயாம், தா மாவு பெலாச்சான்” (மீன் வேண்டாம், கோழி வேண்டாம், பெலாச்சான் வேண்டாம்) என்று மலாயில் மூன்றையும் தனித்தனியே சொன்னால்தான் சமைப்பவருக்குத் தெளிவாகப் புரியும். அவர்கள் முகம் சுளிக்காமல் முட்டையும் கீரையும் வதக்கித் தருவார்கள். முட்டையும் உண்ணாதவர்கள் “தா மாவு தெலோர்” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

8. படகுத்துறையில்

இணையத்தில் பணம் கட்டியிருந்தாலும் அந்த உறுதிச்சீட்டை வைத்து நேராக ஃபெரியில் ஏற முடியாது. முதலில் ஃபெரி நிறுவனத்தின் முகப்பில் கடப்பிதழைக் காட்டி ஏறும் அட்டையைப் பெற வேண்டும். பிறகு கடல் பூங்காக் கட்டணத்தை அதற்குரிய முகப்பில் ரொக்கமாகச் செலுத்த வேண்டும். அந்தச் சீட்டைத் தீவை விட்டு வரும்வரை வைத்திருங்கள். அதன் பிறகுதான் காத்திருப்புக் கூடம். வரிசை நீண்டிருக்கும்போது ஒருவர் ஃபெரி முகப்பிலும் மற்றவர் பூங்கா முகப்பிலும் நின்றால் நேரம் மிச்சமாகும்.

குமட்டல் மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஃபெரி அசையத் தொடங்கியபின் போட்டால் பயன் குறைவு. உள்ளே பின்பகுதியில் ஆட்டம் குறைவாக இருக்கும். பைகளை ஓரிடத்தில் குவித்து வைப்பார்கள், அலைநீர் தெறிக்கலாம். எனவே கடப்பிதழ், பணம், கைப்பேசி ஆகியவற்றை நீர் புகாத சிறு பையில் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் துறை வரை இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு துறையிலும் பணியாளர் பெயரைச் சொல்லிக் கூவுவார், ஆனால் இயந்திர இரைச்சலில் சரியாகக் கேட்காது. நாங்கள் முதன்முறை மற்றவர்கள் எழுந்ததைப் பார்த்து எழுந்து, தெக்கெக்கில் இறங்கிவிட்டோம். துறையில் உள்ள பெயர்ப் பலகையைக் கண்ணால் படித்த பிறகே இறங்குங்கள்.

9. தீவுகளைச் சுற்றும் படகு

இவ்வளவு தொலைவு வருவதே இதற்காகத்தான். தங்குமிடத்திலோ துறையருகே உள்ள சிறு கடைகளிலோ சொன்னால் மறுநாள் காலைக்கு விசைப்படகு ஏற்பாடு செய்வார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று வடமேற்கில் உள்ள துலாய் தீவுக்குச் சென்று, வழியில் ஓரிரு இடங்களில் நின்று திரும்புவது. மற்றது தியோமானை முழுவதும் சுற்றி, கிழக்கே ஜுவாராவையும் தெற்கே முக்குத் ஊரையும் ஆசா அருவியையும் பார்த்து வருவது. நேரம் ஒரு நாளுக்குத்தான் என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பவளத் தீவு என்று பலரும் அழைக்கும் துலாயில் நீர் தெளிவாகவும் ஆழமின்றியும் இருக்கும். நீச்சலில் தயக்கம் உள்ளவர்களும் உயிர்காப்புச் சட்டையோடு மிதந்தபடி பவளங்களைப் பார்க்கலாம். முழுச் சுற்றில் பெரும்பகுதி நேரம் படகிலேயே போய்விடுகிறது. கிழக்குப் பக்கத்தில் அலையும் கூடுதல்.

படகுக்காரர்கள் குறைந்தது நான்கு பேர் இருந்தால்தான் ஆள்கணக்கில் கட்டணம் சொல்வார்கள். இருவர் மட்டும் சென்றால் நான்கு பேருக்கான தொகையைக் கொடுக்க வேண்டியிருக்கும். முந்தைய மாலை உணவுக் கடையில் பக்கத்து மேசையில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்த் தம்பதியோடு சேர்ந்துகொண்டோம். அந்த அண்ணன் மலாயில் பேசிக் கட்டணத்தைக் குறைத்ததோடு, ரெங்கிஸ் தீவையும் சேர்த்துத் தரச் செய்தார். தெக்கெக்குக்குத் தெற்கே, கரைக்கு எதிரே நிற்கும் சிறு பாறைத் தீவு அது. துடுப்பின் முனை கருத்த சிறு சுறாக்கள் அங்கே நம் கீழே நீந்துவதைக் காணலாம். அவை மனிதரை அண்டாமல் விலகிச் செல்பவை. நான் அஞ்சிக்கொண்டே இறங்கினேன். ஒரு மணி நேரம் கழித்து, படகுக்காரர் இரண்டு முறை அழைத்த பிறகுதான் மேலே வந்தேன்.

பணம் கொடுக்கும் முன் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை இடங்களில் நிறுத்துவார்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், முகக்கண்ணாடிக்குத் தனி வாடகையா, மதிய உணவு அடங்குமா, காற்றினால் பயணம் நின்றால் பணம் திரும்ப வருமா என்பவை அவை. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கொன்று படகில் இருக்கிறதா என்பதைக் கேட்டால் போதாது. ஏறுமுன் எண்ணிப் பார்த்து, பூட்டு சரியாக மாட்டுகிறதா என்று போட்டும் பாருங்கள். காலையில் கடல் அமைதியாகத் தோன்றினாலும் படகுக்காரர் இன்று வேண்டாம் என்று சொன்னால் அவரை வற்புறுத்தாதீர்கள். அந்தக் கடலில் வளர்ந்தவரின் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை கடல் பூங்கா எல்லை. அங்கே மீன் பிடிக்கக் கூடாது. பவளத்தையும் சிப்பியையும் எடுக்கக் கூடாது, செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். பவளத்தின் மேல் கால் வைத்து நிற்பது எவ்வளவு பெரிய சேதம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அது கல் அன்று, மிக மெதுவாக வளரும் உயிர்க்கூட்டம். முகக்கண்ணாடியைச் சரிசெய்ய நிற்க வேண்டுமானால் மணல் உள்ள இடத்துக்கு நீந்திச் செல்லுங்கள், அல்லது படகின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயில் தடுப்புக் களிம்பைப் பூசுவதற்குப் பதிலாக முழுக்கை நீச்சல் சட்டை அணிவது பவளத்துக்கும் நல்லது, நம் முதுகுக்கும் நல்லது. மாலையில் கடற்கரை மணலில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈக்கள் கடிக்கும். அரிப்பு ஒரு வாரம் வரை நீடிப்பதால், பொழுது சாய்ந்ததும் கால்களை மூடும் உடை அணிந்துகொள்ளுங்கள்.

10. திரும்பும் நாள்

திரும்பும் ஃபெரி வடக்கே சாலாங்கில் தொடங்கித் தெற்கு நோக்கி வருகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே துறையில் இருங்கள். நீங்கள் வராவிட்டால் அது காத்திருக்காது. முந்தைய மாலையே தங்குமிடத்தாரிடம் நேரத்தை மறுபடி உறுதிசெய்யுங்கள். ஃபெரி மெர்சிங் சேரும் நேரத்துக்கும் லார்க்கின் பேருந்து நேரத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் திரும்பி, திங்கள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகும் திட்டம் வேண்டாம். திங்களன்றும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

தியோமான் தீர்வையற்ற தீவு என்பதால் மது அங்கே மலிவு. ஆனால், மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருவோருக்கு மதுவில் தீர்வை விலக்கு எதுவும் கிடையாது. சிகரெட்டுக்கோ எங்கிருந்து வந்தாலும் விலக்கு இல்லை. ஒரே ஒரு புட்டியாக இருந்தாலும் சுங்கச் சோதனையில் சிவப்புத் தடத்தில் சென்று அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். மின்சிகரெட்டும் சூயிங்கமும் கொண்டுவரவே கூடாது. மற்றப் பொருள்களுக்கான பொருள் சேவை வரி விலக்கும் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ் வைத்திருப்போருக்குப் பொருந்தாது. வாங்கிய பொருள்களின் ரசீதுகளைக் கையில் வைத்திருங்கள்.

ஈரத் துணிகளைத் தனிப் பையில் கட்டி, அனுமதி அட்டையையும் கடப்பிதழையும் மட்டும் முன்பையில் வைத்துக்கொண்டு மெர்சிங்கில் பேருந்து ஏறுங்கள். உட்லண்ட்ஸில் இறங்கும்போது இரவு பதினோரு மணியைத் தாண்டிவிட்டால், கடைசி எம்ஆர்டி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் அதற்குள் பார்த்து வைத்திருக்க வேண்டும்.